கர்ப்பகாலச் சீனிக்கு வன்னி முழுவதும் ஒரே கோடு வேண்டும்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் கர்ப்பிணித் தாய்மாரைப் பார்க்கும் மகப்பேற்று மருத்துவ நிபுணர்களுக்கும், சுகாதார வைத்திய அதிகாரிகளுக்கும், ஆய்வுகூடங்களுக்குப் பொறுப்பானவர்களுக்கும் வணக்கம்.

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் குடும்ப நல உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வு பெற்றவள். இப்போதும் ஊரில் யாராவது பிள்ளைத்தாய்ச்சி என்றால் கிளினிக் கொப்பியையும் ஆய்வுகூடத் துண்டையும் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். முன்பெல்லாம் இரத்தம் குறைவு, பிரஷர், ஸ்கேன் என்றுதான் கேட்பார்கள். இப்போது வருகிற கேள்விகளில் பெரும்பாலானவை சீனியைப் பற்றியவை. "அன்ரி, எனக்குச் சீனி வருத்தம் இருக்கா இல்லையா?" என்று கேட்கிறார்கள். நேராகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது. ஆனால் அந்தப் பதில் அவர்கள் எந்தக் கதவைத் தட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்து மாறுகிறது. எந்த அளவைத் தொட்டால் நீரிழிவு என்று போடும் கோடு இடத்துக்கு இடம் வேறாக இருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

இரண்டு கர்ப்பிணிப் பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். ஒருத்திக்கு வெறும் வயிற்றில் இரத்தச் சீனி 95 (இங்கே வரும் எண்கள் டெசிலீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு), குளுக்கோஸ் குடித்து இரண்டு மணித்தியாலத்தில் 130. மற்றவளுக்கு வெறும் வயிற்றில் 88, இரண்டு மணித்தியாலத்தில் 145. இரண்டு பேருக்கும் ஒரு மணித்தியால அளவு 180க்குக் கீழேதான். உலக சுகாதார ஸ்தாபனம் 2013இல் ஏற்றுக்கொண்ட அளவுகள் வெறும் வயிற்றுக்கு 92, ஒரு மணித்தியாலத்துக்கு 180, இரண்டு மணித்தியாலத்துக்கு 153. இதன்படி முதல் பிள்ளைக்குக் கர்ப்பகால நீரிழிவு இருக்கிறது, இரண்டாவது பிள்ளைக்கு இல்லை. பிரித்தானியாவில் வெறும் வயிற்றுக்கு 101, இரண்டு மணித்தியாலத்துக்கு 140 என்று வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் முதல் பிள்ளை தப்பிவிடுவாள், இரண்டாவது பிள்ளை மாட்டிக்கொள்வாள். சென்னையில் மருத்துவர் சேஷய்யா முன்னெடுத்து இந்திய அரசும் கைக்கொண்ட முறையில் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, இரண்டு மணித்தியாலத்தில் ஒரே ஒரு இரத்தம் எடுத்து, 140 வந்தால் நீரிழிவு என்று எடுத்துக்கொள்வார்கள். அதே உலக சுகாதார ஸ்தாபனம் 1999இல் சொன்னது வெறும் வயிற்றுக்கு 126, இரண்டு மணித்தியாலத்துக்கு 140.

இதைப் படிக்கும் நிபுணர்களுக்கு இதெல்லாம் பழைய செய்தி. ஆனால் துண்டைக் கையில் வைத்திருக்கும் பிள்ளைக்கு இது ஒன்றும் தெரியாது. அவள் முதலில் சோதித்தது ஒரு பட்டினத்துத் தனியார் ஆய்வுகூடத்தில். அங்கே துண்டின் ஓரத்தில் ஓர் அளவு அச்சிட்டிருக்கும். கிளினிக்கில் பார்த்தவர் வேறொரு அளவை மனதில் வைத்துச் சொல்வார். பேறுக்குப் போகும் வைத்தியசாலையில் மூன்றாவது ஒன்று. எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருத்திக்கு ஓரிடத்தில் "சீனி இருக்கு" என்றார்கள், அடுத்த இடத்தில் "ஒன்றுமில்லை, பயப்படாதே" என்றார்கள். அவள் எதை நம்புவது? பயத்தில் சோற்றைப் பாதியாகக் குறைத்தாள். பிறகு கோபத்தில் கிளினிக்குக்குப் போவதையே நிறுத்தப் பார்த்தாள். இரத்தச் சீனியை மில்லிமோல் என்ற வேறோர் அலகில் கொடுக்கும் இடங்களும் இருக்கின்றன. 5.1 என்று எழுதி வந்தால், போனமுறை 90 இருந்தது இப்போது ஐந்தாகக் குறைந்துவிட்டது என்று சந்தோஷப்படுகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். 5.1 என்பது 92தான் என்று யாராவது அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த மடலை உங்களோடு சேர்த்துத் தாய்மாரும் படிப்பார்கள். 1964இல் பொஸ்ரன் நகரில் ஓசலிவனும் மாஹனும் 752 தாய்மாரின் அளவுகளை வைத்து முதல் கோடுகளைப் போட்டார்கள். அவர்கள் தேடியது அந்தத் தாய்க்குப் பிற்காலத்தில் நீரிழிவு வருமா என்பதை. வயிற்றில் இருந்த பிள்ளைக்கு என்ன நடக்கும் என்பதை வைத்து அந்த எண்கள் வரவில்லை. பிள்ளையை வைத்து அளவைத் தேடிய பெரிய ஆய்வு 2008இல்தான் வெளிவந்தது. ஹப்போ என்று சொல்வார்கள். 9 நாடுகள், 15 நிலையங்கள், 25,000க்கும் மேற்பட்ட தாய்மார். வெறும் வயிற்றுச் சீனி 75க்குக் கீழே இருந்த தாய்மாரில் 100க்கு 5 பேருக்கு அளவுக்கு மிஞ்சிய எடையோடு பிள்ளை பிறந்தது. 100ஐத் தொட்டவர்களில் 100க்கு 26 பேருக்கு அப்படிப் பிறந்தது. இடையில் எந்த இடத்திலும் சட்டென்று ஒரு படி இல்லை. சீனி ஏற ஏற பிள்ளையின் எடை, முதல் சிசேரியன், தொப்புள்கொடி இரத்தத்தில் பிள்ளையின் இன்சுலின் எல்லாம் கூடவே ஏறின.

இரணைமடுக் குளத்தின் நீர்மட்டத்தைப் போல இதை நினைத்துக்கொள்ளலாம். தண்ணீர் அங்குலம் அங்குலமாக ஏறுகிறது. எந்த அங்குலத்தில் ஆபத்து தொடங்குகிறது என்று தண்ணீர் சொல்லாது. வான்கதவை எப்போது திறப்பது என்று மனிதர்தான் கூடிப் பேசி ஒரு கோட்டைப் போடுகிறார்கள். 2010இல் நிபுணர் குழு ஒன்று அப்படிக் கூடி, சராசரி அளவுள்ள தாயைவிடப் பாதிப்புக்கான வாய்ப்பு 1.75 மடங்காகும் இடத்தில் கோட்டைப் போட்டது. அதுதான் 92, 180, 153. இரண்டு மடங்காகும் இடத்தில் போட்டிருந்தால் 95, 191, 162 என்று வந்திருக்கும். கனடாவில் அந்த இரண்டாவது எண்களைப் பயன்படுத்துகிறார்கள். ரொறன்ரோவில் இருக்கும் அக்கா தொலைபேசியில் "எனக்கு 94 இருந்தது, ஒன்றும் சொல்லவில்லையே" என்று சொல்ல, மல்லாவியில் இருக்கும் தங்கை குழம்பிப்போவதற்குக் காரணம் இதுதான். இரண்டும் ஒரே ஆய்விலிருந்து வந்த கோடுகள்தான்.

அந்த 15 நிலையங்களில் ஒன்றுகூட இந்தியாவிலோ இலங்கையிலோ இல்லை. பாங்கொக், ஹொங்கொங், சிங்கப்பூர் இருந்தன. மொத்தத்தில் நீரிழிவு என்று கண்டுபிடிக்கப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களை வெறும் வயிற்று அளவு மட்டுமே பிடித்துவிட்டது. பாங்கொக்கிலும் ஹொங்கொங்கிலும் அது நாலில் ஒருவரைத்தான் பிடித்தது. மற்றவர்களைக் குளுக்கோஸ் குடித்த பிறகு எடுத்த இரத்தம்தான் காட்டியது. ஆகவே எந்த இரத்தம் யாரைப் பிடிக்கும் என்பது மக்களுக்கு மக்கள் மாறுகிறது. தென்னாசியப் பெண்களுக்கு மெலிந்த உடம்பிலும் சீனி ஏறும் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் வெறும் வயிற்று இரத்தத்தை மட்டும் எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்புவதையும், சாப்பிட்ட பின் எடுத்த ஒரு இரத்தத்தை மட்டும் நம்புவதையும் நான் ஏற்கவில்லை. இரண்டும் சிலரைத் தவறவிடும்.

சரி, கோட்டைத் தாழ்த்தினால் தாயும் பிள்ளையும் நன்றாக இருப்பார்களா? இதைத்தான் நியூசிலாந்தில் 4,000க்கும் மேற்பட்ட தாய்மாரை வைத்துப் பார்த்து 2022இல் வெளியிட்டார்கள். ஒரு பாதிக்கு 92, 180, 153 என்ற தாழ்ந்த கோடு. மறு பாதிக்கு வெறும் வயிற்றில் 99, இரண்டு மணித்தியாலத்தில் 162 என்ற உயர்ந்த கோடு. தாழ்ந்த கோட்டில் 100க்கு 15 பேருக்கு நீரிழிவு என்று பெயர் விழுந்தது, உயர்ந்த கோட்டில் 6 பேருக்கு. எடை மிஞ்சிய பிள்ளைகள் முதல் பிரிவில் 8.8 சதவீதம், இரண்டாவதில் 8.9. மொத்தமாகப் பார்த்தால் வித்தியாசமே இல்லை. மருந்தும், வைத்தியசாலைக்கு வருவதும், நோவு வரவழைப்பதும்தான் கூடின. ஆனால் அதற்குள் இன்னொரு செய்தியும் இருக்கிறது. இரண்டு கோட்டுக்கும் இடையில் அகப்பட்ட தாய்மாரை மட்டும் தனியாகப் பார்த்தபோது, சிகிச்சை பெற்றவர்களுக்கு எடை மிஞ்சிய பிள்ளைகள் 6.2 சதவீதம், பெறாதவர்களுக்கு 18. எனக்கு இந்த ஆய்வில் பெரிய விஷயமாகப் படுவது இதுதான். இடையில் நிற்கும் அந்தத் தாயை யாராவது கவனித்தால் அவளுக்கு நன்மை இருக்கிறது. அவள் எல்லோருக்குள்ளும் சிறு கூட்டம் என்பதால் மொத்தக் கணக்கில் அது தெரியாமல் போய்விடுகிறது.

சிகிச்சைக்குப் பலன் இருக்கிறது என்பதில் சந்தேகமில்லை. 2005இல் வெளிவந்த அவுஸ்திரேலிய ஆய்வில் 1,000 தாய்மார். உணவு ஆலோசனை, சீனியைப் பார்த்துக்கொள்வது, தேவைப்பட்டவர்களுக்கு மட்டும் இன்சுலின். பிள்ளைக்குப் பாரதூரமான கெடுதல் நேர்ந்தது 4 சதவீதத்திலிருந்து 1 ஆகக் குறைந்தது. தோள் சிக்குவது, எலும்பு முறிவது, நரம்பு பாதிப்பது, பிள்ளை இறப்பது என்று அவர்கள் எண்ணியவை ஒவ்வொன்றும் நான் பேறு அறையில் பார்த்து நடுங்கியவை. பெரிய பிள்ளை ஒன்றின் தலை வெளியே வந்து தோள் வராமல் நிற்கும் நிமிடங்களை ஒருமுறை பார்த்தவர் எவரும் இந்த எண்களை வெறும் எண்களாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

இதன் வேலை எப்படி என்று தாய்மாருக்கு ஒரு பந்தி. கர்ப்பத்தின் பின்பாதியில் நச்சுக்கொடி சுரக்கும் ஓமோன்கள் தாயின் இன்சுலினுக்கு எதிராக நிற்கும். பிள்ளைக்குச் சீனி போய்ச் சேரட்டும் என்பதற்காக உடம்பு செய்யும் ஏற்பாடு அது. தாயின் உடம்பு ஈடுகொடுத்துக் கூடுதல் இன்சுலின் சுரந்தால் பிரச்சினை இல்லை. முடியாவிட்டால் சீனி ஏறும். சீனி நச்சுக்கொடியைக் கடந்து பிள்ளைக்குப் போகும், தாயின் இன்சுலின் போகாது. பிள்ளை தன் சொந்த இன்சுலினைச் சுரந்து அந்தச் சீனியைக் கொழுப்பாக்கி வளரும். தொப்புள்கொடியை வெட்டியதும் தாயிடமிருந்து வந்த சீனி நின்றுவிடும், பிள்ளையின் இன்சுலின் நிற்காது. அதனால்தான் நல்ல கொழுகொழுவென்று பிறந்த பிள்ளைக்கு முதல் மணித்தியாலங்களில் சீனி விழுந்து நடுக்கம் வருகிறது. 24 முதல் 28 வாரத்துக்குள் குளுக்கோஸ் குடிக்கச் சொல்வதும் இதனால்தான். அதற்கு முன் நன்றாக இருந்த அளவு அப்போதுதான் ஏறத் தொடங்கும். முதல் கிளினிக்கில் "சீனி இல்லை" என்று எழுதியதைக் காட்டி இரண்டாவது சோதனைக்குப் போகாமல் இருக்கக் கூடாது, பிள்ளைகளே.

இனி உங்களிடம் நான் உண்மையில் கேட்க வந்ததைச் சொல்கிறேன்.

92ஆ 95ஆ 101ஆ என்று உலகம் வாதாடிக்கொண்டிருக்கிறது. வன்னியில் அந்த வாதத்துக்கு முன்னால் தீர்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. எடுத்த இரத்தம் குப்பிக்குள் சும்மா இருப்பதில்லை. செவ்வணுக்கள் அதிலுள்ள சீனியைத் தின்றுகொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் மணித்தியாலத்துக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். சாம்பல் மூடி போட்ட புளோரைட்டுக் குப்பியில் எடுத்தாலும் முதல் ஒன்றிரண்டு மணித்தியாலம் குறைவது முழுதாக நிற்காது. ஒரு பிள்ளைக்கு வெறும் வயிற்றில் 98 இருக்கிறது என்று வையுங்கள். கிராமத்துக் கிளினிக்கில் காலையில் இரத்தம் எடுக்கிறார்கள். எல்லோருக்கும் எடுத்து முடிந்து, வாகனம் வந்து, பெரிய வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் இறக்கிச் செவ்வணுக்களைப் பிரித்தெடுக்க இரண்டு மணித்தியாலம் ஆகிவிட்டால், துண்டில் 87 என்று வரும். 92 என்ற கோட்டிலும் அவள் தப்பிவிடுவாள், 95 என்ற கோட்டிலும் தப்பிவிடுவாள். நிபுணர்கள் வருடக்கணக்காக விவாதித்த வித்தியாசம் முழுவதையும் துணுக்காய் வீதியின் வெயில் தின்றுவிடும். சித்திரை வைகாசியில் நம் பக்கத்து வெக்கை எப்படி என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே ஐஸ் பெட்டி, உடனே பிரித்தெடுக்கும் வசதி, எடுத்த நேரமும் பிரித்த நேரமும் துண்டில் எழுதப்படுவது ஆகிய மூன்றையும் முதலில் கேட்கிறேன். கிராமத்துக் கிளினிக்கில் பிரிக்க வழியில்லை என்றால் அந்தச் சோதனையை அங்கே செய்யாமல், ஆய்வுகூடம் பக்கத்தில் இருக்கும் இடத்தில் நாள் குறித்துச் செய்யுங்கள். விரலில் குத்திப் பார்க்கும் கருவியை வைத்துக் கோட்டைத் தாண்டினாளா இல்லையா என்று முடிவு சொல்லாதீர்கள். நல்ல கருவிகளுக்கே 15 சதவீதம் வரை முன்பின்னாக இடம் கொடுக்கப்பட்டிருக்கிறது. இரத்தம் குறைந்த தாய்மாரில் சில கருவிகள் சீனியைக் கூட்டியும் காட்டும். நம் பகுதியில் இரத்தம் குறைந்த தாய்மார் எத்தனையோ பேர். நீரிழிவு என்று தெரிந்த பிறகு வீட்டில் கட்டுப்பாட்டைப் பார்க்க அந்தக் கருவி அருமையானது. அதை வறிய வீடுகளுக்கும் கிடைக்கச் செய்தால் இன்னும் நல்லது.

நாள் குறிப்பது என்றதும் தூரம் வருகிறது. நெடுங்கேணிக்கு உட்புறமாகவோ முத்தையன்கட்டுக்கு அப்பாலோ இருக்கும் பிள்ளை வெறும் வயிற்றோடு விடிய எழும்பி, கிடைக்கிற முதல் பஸ்ஸைப் பிடித்து, குலுங்கி வந்து சேர்கிறாள். வந்ததும் இனிப்புத் தண்ணீர் குடிக்கக் கொடுக்கிறார்கள். சத்தி வருகிறது. சத்தி எடுத்தால் சோதனை போச்சு, இன்னொரு நாள் வர வேண்டும். அன்றைய கூலி போச்சு, மற்றப் பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை. அவள் திரும்பி வராவிட்டால் அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தூரத்துப் பிள்ளைகளுக்கு முதல் இடம் கொடுங்கள். குளுக்கோஸை குளிர்ந்த தண்ணீரில், தேசிக்காய்ப் புளி கொஞ்சம் விட்டு, ஐந்து நிமிடத்துக்குள் மெதுவாகக் குடிக்கக் கொடுத்தால் அநேகம் பேருக்கு நிற்கிறது. இரண்டு மணித்தியாலமும் இருக்க ஒரு வாங்கில், காற்றாடி, கழிவறை, குடிக்கத் தண்ணீர் வேண்டும். கடைக்குப் போய் வருகிறேன் என்று நடந்து திரிந்தால் பெறுபேறு குறைத்துக் காட்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இதற்கெல்லாம் பெரிய செலவில்லை.

அப்படியும் வர முடியாத பிள்ளைக்கு என்ன செய்வது? அவளுக்குச் சென்னை முறை கைகொடுக்கும். சாப்பிட்டு வந்தாலும் பரவாயில்லை, ஒரே இரத்தம், 140. சிலரை அது தவறவிடும் என்று மேலே சொன்னேன். ஆனால் ஒன்றும் பார்க்காமல் விடுவதைவிட அது எவ்வளவோ மேல். எந்தச் சூழலில் எதைச் செய்வது என்று நீங்கள் ஒரு தாளில் எழுதி நான்கு மாவட்டத்துக்கும் ஒன்றாக ஒட்டிவிட்டால், ஊரில் வேலை செய்யும் குடும்ப நல உத்தியோகத்தர் பிள்ளைக்குத் தைரியமாகப் பதில் சொல்வார். 2024இல் நெதர்லாந்தின் உதவியோடு கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையில் பெண்களுக்கான சிறப்புச் சிகிச்சை நிலையம் திறக்கப்பட்டபோது எங்களுக்கெல்லாம் பெரிய மகிழ்ச்சி. நான்கு மாவட்டத்து நிபுணர்களும் ஒருநாள் அங்கே கூடி இதைப் பேசித் தீர்க்கலாம் என்பது என் ஆசை.

எந்தக் கோட்டை எடுப்பது என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், நான் மருத்துவர் இல்லை. ஆனாலும் என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். தாழ்ந்த கோட்டை எடுங்கள். ஆனால் 92க்கும் 100க்கும் இடையில் நிற்கும் பிள்ளையை உடனே நோயாளியாக்கி, மாதம் நாலு தடவை அலைய வைத்து, நாள் குறித்து நோவு வரவழைக்கும் வரிசையில் போடாதீர்கள். அவளுக்கு வேண்டியது சாப்பாட்டைப் பற்றி அமர்ந்து பேசும் ஓர் ஆள், இரண்டு கிழமை கழித்து மறுபடி ஓர் இரத்தம், பிள்ளையின் வளர்ச்சியைப் பார்க்க ஒரு ஸ்கேன். வெறும் வயிற்றில் 95க்குக் கீழே, சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில் 120க்குக் கீழே வந்துவிட்டால் அவளை மற்றத் தாய்மாரோடு விடலாம். இப்படிப்பட்ட தாய்மாரில் பெரும்பாலானவர்களுக்கு உணவும் நடையும் போதும். மீதிப் பேருக்குத்தான் குளிசையோ இன்சுலினோ.

சாப்பாடு என்றதும் ஒரு கவலை. "மாப்பொருளைக் குறை" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்புகிறார்கள். வன்னிப் பிள்ளையின் தட்டில் மாப்பொருளைத் தவிர வேறென்ன இருக்கிறது? காலையில் பாண் அல்லது பிட்டு, மத்தியானம் சோறு, இரவு இடியப்பம் அல்லது மறுபடி பிட்டு, இடையில் சீனி போட்ட தேத்தண்ணி. அதைக் குறை என்றால் அவள் பட்டினி கிடப்பாள். எடை குறைந்த பிள்ளைகள் பிறப்பது நமக்கு ஏற்கெனவே இருக்கும் துயரம். பெரிய பிள்ளையைத் தவிர்க்கப் போய்ச் சின்னப் பிள்ளையைப் பெறக் கூடாது. அவளிடம் எதைக் குறைப்பது என்பதோடு எதைக் கூட்டுவது என்றும் சொல்ல வேண்டும். தேத்தண்ணியில் சீனியை நிறுத்து. குத்தரிசிச் சோறு, ஆனால் ஒரு கோப்பைக் கணக்கில். பிட்டை வாழைப்பழமும் சீனியும் சேர்த்துக் குழைக்காமல் பயறோடோ முட்டையோடோ சாப்பிடு. முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி வேலியிலும் வரம்பிலும் கிடைக்கும், தட்டில் பாதியை அதற்குக் கொடு. குளத்து மீன் இருக்கிற நாளில் மீன், இல்லாத நாளில் கௌபியோ கடலையோ. குரக்கன் நல்லது என்று கேள்விப்பட்டு மூன்று நேரமும் குரக்கன் பிட்டை நிறையச் சாப்பிட்டாலும் சீனி ஏறும் என்பதையும் சொல்லுங்கள். சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் வளவுக்குள் நடந்தாலே வித்தியாசம் தெரியும். கிளினிக்கில் கொடுக்கும் சத்துமாவான திரிபோசவை நிறுத்த வேண்டுமா என்று எல்லாப் பிள்ளைகளும் கேட்கிறார்கள். அதற்கும் ஒரே பதிலாக எழுதிக் கொடுங்கள். இதையெல்லாம் மாமியாருக்கும் புருசனுக்கும் முன்னால் வைத்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உலையில் அரிசி போடுவதையும் கடையில் சாமான் வாங்குவதையும் தீர்மானிப்பது பல வீடுகளில் அவர்கள்தான்.

நம் மண்ணுக்கென்று தனியாக ஒரு காரணமும் இருக்கிறது. 1944–45 குளிர்காலத்தில் ஒல்லாந்தில் பஞ்சம் வந்தபோது வயிற்றில் இருந்த பிள்ளைகளை ஐம்பது வயதளவில் சோதித்துப் பார்த்தார்கள். குளுக்கோஸ் குடித்தபின் அவர்களுக்குச் சீனி மற்றவர்களைவிடக் கூடுதலாக ஏறியது. தாய் பட்டினி கிடந்த காலத்தில் உருவான உடம்பு, பிறகு சாப்பாடு கிடைக்கும்போது அதைத் தாங்கச் சிரமப்படுகிறது. நம் பிள்ளைகள் எந்த வருடங்களில் எந்த இடங்களில் கருவாகிப் பிறந்தார்கள் என்று நான் உங்களுக்கு எழுதத் தேவையில்லை. 2008, 2009இல் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, கஞ்சிக்கு வரிசையில் நின்ற தாய்மாரின் வயிற்றில் இருந்த பெண்பிள்ளைகள் இன்னும் சில வருடங்களில் இதே கிளினிக்குகளுக்குக் கொப்பியோடு வருவார்கள். அவர்களுக்குச் சீனி கூடுமா என்று யாரும் இன்னும் அளந்து சொல்லவில்லை, ஆனால் கூடும் என்று எதிர்பார்த்து ஆயத்தமாக இருப்பதுதான் அறிவு. ஒவ்வொரு தாயின் பெறுபேற்றையும் பிறந்த பிள்ளையின் எடையையும் ஒன்றாகப் பதிந்து வைத்தால், சில வருடங்களில் வன்னிக்கென்று நமக்கே ஒரு கணக்கு இருக்கும். கொப்பியில் இரண்டும் ஏற்கெனவே எழுதப்படுகின்றன. சேர்த்து வைப்பதற்குத்தான் ஆள் வேண்டும்.

கடைசியாகப் பேறுக்குப் பின்னால் நடப்பது. நச்சுக்கொடி வெளியே வந்ததும் சீனி இறங்கிவிடும், பிள்ளையும் சுகம், எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் கர்ப்பத்தில் சீனி கூடிய பெண்ணுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வருவதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு முதல் பத்து மடங்கு என்று பெரிய தொகுப்பாய்வுகள் காட்டியிருக்கின்றன. பேறு முடிந்து 6 முதல் 12 கிழமைக்குள் மறுபடி குளுக்கோஸ் குடித்துப் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்தில் இதற்கென்று தனியாக ஒரு தாய் பஸ் ஏறி வந்ததை நான் அநேகமாகக் கண்டதில்லை. ஆனால் இரண்டாம் மாதத் தடுப்பூசிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வராத தாயை நான் காணவே இல்லை. இரண்டாம் மாதம் என்பது எட்டாவது கிழமை. அன்றைக்கே தாய்க்கும் சோதனையை வைத்துவிடுங்கள். பிள்ளையின் கொப்பியில் தடுப்பூசிக் கட்டத்துக்குப் பக்கத்தில் "தாய்க்குச் சீனி பார்க்க" என்று சிவப்பில் எழுதிவிட்டால் போதும், அவள் வெறும் வயிற்றோடு வருவாள். பால் கொடுக்கும் தாய் நீண்ட நேரம் பட்டினி இருக்கக் கூடாது என்பதால் அன்று அவளை முதல் ஆளாக எடுங்கள். ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்கு வரும்போது எடையையும் சாப்பாட்டையும் ஒருமுறை கேளுங்கள். அதன் பிறகு ஒன்றிலிருந்து மூன்று வருடத்துக்குள் ஒருமுறையாவது சீனி பார்க்க வேண்டும், அடுத்த பிள்ளைக்கு நினைக்கும்போது கட்டாயம் முன்கூட்டியே பார்க்க வேண்டும் என்று அவள் கையில் ஒரு துண்டாவது கொடுத்து அனுப்புங்கள்.

இந்த மடலுக்குப் பதில் எனக்கு எழுத வேண்டியதில்லை. நீங்கள் தீர்மானிக்கும் அளவுகளைத் தமிழில் பெரிய எழுத்தில், மில்லிகிராமிலும் மில்லிமோலிலும், ஒவ்வொரு கிளினிக்கின் சுவரிலும் ஒட்டுங்கள். எங்கள் பிள்ளைகள் அங்கே வாசித்துக்கொள்வார்கள்.

நன்றியுடன்,
ஓய்வுபெற்ற குடும்ப நல உத்தியோகத்தர்,
முல்லைத்தீவு மாவட்டம்